சுவருக்கு அந்தப் பக்கத்துக் கூட்டாளி

எங்கள் வீட்டைப் பங்கு போட்டவர்கள் கெட்டிக்காரர்கள். கூடத்தின் நடுவே செங்கல் சுவர் எழுப்பினார்கள். தெருப்பக்கம் இன்னொரு வாசல் வைத்தார்கள். கொல்லையில் நின்ற முருங்கை மரத்துக்குக்கூட எந்தக் கிளை யாருக்கு என்று பேசி முடித்தார்கள். வைஃபையை மட்டும் மறந்துவிட்டார்கள். மாமனார் இருந்தபோது போட்ட இணைப்பு அது. பெட்டி எங்கள் பக்கம் இருந்தாலும் சிக்னல் சுவரைத் தாண்டித் தம்பி வீட்டுக்கும் போய்க்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் தம்பியை வாய் ஓயாமல் திட்டுவாரே தவிர, பாஸ்வேர்டை மாற்றவே இல்லை. மாற்றத் தெரியாதவரும் இல்லை.

பாகூருக்குப் பக்கத்தில்தான் எங்கள் ஊர். நான் கரையாம்புத்தூரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். அண்ணனும் தம்பியும் பேச்சை விட்டதற்குக் காரணம் தண்ணீர். பாகப்பிரிவினையில் போர் மோட்டார் எங்கள் நிலத்தில் வந்தது. தம்பிக்கு முறை வைத்துத் தண்ணீர் விட வேண்டும் என்று ஏற்பாடு. ஒரு பட்டத்தில் தம்பியின் நாற்றங்கால் காய்ந்துகொண்டிருந்தபோது இவர் நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தார். நாற்று கருகிப்போனது. தம்பி நடுத்தெருவில் நின்று சொல்லக் கூடாத வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினார். அத்தோடு சரி. தம்பி கல்யாணத்துக்குக்கூட நாங்கள் போகவில்லை. அதனால் என் ஓரகத்தி மருமகளாக இந்த வீட்டுக்கு வந்தபோது அவள் முகம்கூட எனக்குச் சரியாகத் தெரியாது. பேசக் கூடாது என்று இரண்டு பக்கமும் உத்தரவு. தெருக்குழாயில் அவள் குடம் வைத்தால் நான் வானத்தைப் பார்ப்பேன், நான் வைத்தால் அவள் பார்ப்பாள். ஊரே எங்களைப் பார்க்கும்.

மத்தியான வேளைகள் எனக்கு நீளமானவை. இவர் கல்யாணத்துக்கு முன்பு வாங்கிய கம்ப்யூட்டர் ஒன்று மூலையில் தூசி படிந்து கிடந்தது. அதில் ஒரு பழைய விளையாட்டு இருந்தது. பழங்காலத்து ராஜ்ஜியம் ஒன்றை வெறுங்காட்டிலிருந்து கட்டி எழுப்ப வேண்டும். நாலைந்து ஆட்களை வைத்து மரம் வெட்டி, பழம் பறித்து, குடிசை போட்டு, பயிர் வைத்து, பிறகு படை திரட்ட வேண்டும். நாம் யோசித்துக்கொண்டிருந்தால் எதிரி காத்திருக்க மாட்டான், அவன் பாட்டுக்கு யானைப் படையோடு வந்துவிடுவான். ஆரம்பத்தில் என் ஆட்களை மான் வேட்டைக்கு அனுப்பி, சிங்கத்துக்குத் தின்னக் கொடுத்ததுதான் மிச்சம். ஆனாலும் பிடித்துப்போனது. அந்த வீட்டில் என் சொல்லை மறுபேச்சில்லாமல் கேட்டவர்கள் அவர்கள்தான்.

ஒரு நாள், சேர்ந்து ஆடுவது என்ற பொத்தானை அழுத்தினேன். ஒரே வைஃபையில் இருக்கும் இன்னொரு கம்ப்யூட்டரில் இதே விளையாட்டு திறந்திருந்தால் அது அந்தப் பட்டியலில் தெரியும். தெரிந்தது. எங்கள் வைஃபை எட்டுகிற வேறு வீடு தம்பி வீடு ஒன்றுதான். கீழே இருந்த சின்னக் கட்டத்தில், இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் வந்து விழுந்தது.

“அக்கா, நீங்களா?”

காலேஜ் ஹாஸ்டலில் இந்த விளையாட்டை ஆடித் தேர்ந்தவள் அவள். அன்றிலிருந்து மத்தியானம்தோறும் நானும் அவளும் ஒரே கட்சி, கம்ப்யூட்டர் எதிர்க்கட்சி. எங்கே வீடு கட்ட வேண்டும், எப்போது குதிரை வாங்க வேண்டும் என்று அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். நடுநடுவே குழம்பில் புளி அதிகமானால் என்ன செய்வது, மசக்கைக்கு எது வாய்க்குப் பிடிக்கும் என்றெல்லாம் பேச்சு ஓடும். அந்த விளையாட்டில் ஒரு பூசாரி உண்டு. அவன் கையைத் தூக்கி மந்திரம் சொன்னால் எதிரியின் ஆள் நிறம் மாறி நம் பக்கம் வந்துவிடுவான். “எங்க வூட்டுக்காரருக்கு இந்த மந்திரம் பலிக்குமா அக்கா?” என்று எழுதினாள். “மொதல்ல எங்க வூட்டுல போட்டுப் பாக்கறேன்” என்று எழுதினேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் சிரிப்பது கேட்டது. நான் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன். ஆண்கள் இருவரும், நாங்கள் இன்டர்நெட்டில் யாரோ முன்பின் தெரியாதவர்களோடு ஆடுவதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அவன் அழுகையைச் சுவர் வழியாகவே கேட்டுக் கேட்டு, பசிக்கு அழுகிறானா தூக்கத்துக்கு அழுகிறானா என்று தெரிந்துகொள்ளும் அளவுக்கு ஆகிவிட்டேன். அந்த நேரத்தில்தான், ஒரு மத்தியானம் ஆட்டத்துக்கு நடுவில் எழுதினாள்: “அக்கா, இவரு நெலத்த விக்கப் போறாரு. சோரியாங்குப்பத்துலேந்து ஆளு வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க. வூட்டையும் குடுத்துட்டு பாண்டிக்குப் போயிடலாம்னு சொல்றாரு.”

என் ராஜ்ஜியம் பற்றி எரிந்ததை நான் கவனிக்கவே இல்லை. இந்த ஊரில் எனக்கென்று இருந்த ஒரே சிநேகிதி அவள். சுவருக்கு அந்தப் பக்கம் வேறு யாரோ வந்து குடியேறுவார்கள், நான் பழையபடி மூலையில் தனியாக மரம் வெட்டிக்கொண்டிருப்பேன். போகாதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? என் வீட்டுக்காரரிடம் சொல்லவும் வழியில்லை. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாரே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. இவர் கட்டிலில் படுத்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் எத்தனை ஆட்டமோ என்ற நினைப்பில் கம்ப்யூட்டரைத் திறந்தேன், அவளும் வந்தாள். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் குழந்தை வீறிட்டு அழுதது. அதன்பிறகு நான் எழுதியதற்கு அவளிடமிருந்து பதில் இல்லை. ஆனால் அவள் ஆட்கள் மட்டும் சுறுசுறுப்பாக நடமாடிக்கொண்டிருந்தார்கள். முதல் அறுப்பு முடிந்து சந்தை கட்டியதும், அவள் கணக்கிலிருந்த தானியம் மொத்தமும் என் கணக்குக்கு வந்து சேர்ந்தது.

“பைத்தியமா இவளுக்கு?” என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். ஆட்டம் தெரிந்த யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். அனுப்பினால் ஒரு பங்கு வரியாகப் போய்விடும், அனுப்பியவரின் ஊர் வளராமல் நின்றுவிடும்.

“இன்னாடி ஆச்சு?”

“கூட ஆடறவங்க மொத அறுப்பு நெல்ல அப்படியே எனக்கு அனுப்பிட்டாங்க.”

இவர் எழுந்து உட்கார்ந்தார். பிறகு வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் பயந்துவிட்டேன்.

மாமனார் காலத்திலிருந்து இந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. அண்ணன் தம்பிகளில் யாருடைய கதிர் முதலில் களத்துக்கு வருகிறதோ அவர் தம் வீட்டில் உலை வைக்கும் முன்பே ஒரு மரக்கால் புது நெல்லை மற்றவர் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். வாங்கியவர் மரக்காலை வெறுமனே திருப்பக் கூடாது, வீட்டில் இருக்கிற எதையாவது போட்டுத் தர வேண்டும். போன தடவை தம்பி வயலில்தான் முதலில் அறுப்பு நடந்தது. அன்று இவர் ராத்திரி வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்தார். சின்ன வயதில் பாகூர் பிரவுசிங் சென்டரில் அண்ணனும் தம்பியும் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இதே விளையாட்டை ஆடும்போது, தம்பி இதே வழக்கத்தை அதிலும் செய்து தோற்றுக்கொண்டே இருப்பாராம். இந்த உலகத்தில் அந்தத் தப்பைச் செய்கிற ஆட்டக்காரர் வேறு யாரும் கிடையாது; அவள் குழந்தையைத் தூக்கப் போனதும் அங்கே உட்கார்ந்தது தம்பிதான்.

“எழுந்திரு” என்றார். திட்டப்போகிறார் என்று எழுந்தேன். அவர் உட்கார்ந்து, எங்களிடம் இருந்த மரம் முழுவதையும் அந்தப் பக்கம் அனுப்பினார்.

சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு இருமல். இரண்டு பேரும் ஆடினார்கள். தம்பி குளத்தை ஒட்டிப் பயிர் வைத்தார், அண்ணன் வேலி போட்டார். நான் பின்னால் நின்று பார்த்தேன். அப்போது எதிரியின் யானைகள் தம்பியின் ஊருக்குப் பின்பக்கமாக வந்தன. இவர் தன்னை மறந்து, சுவரைப் பார்த்துக் கத்தினார்.

“டேய், பின்னால பாருடா, யானை வருது.”

அப்புறம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

“பாத்துட்டேண்ணா. ஆளு இல்ல. அனுப்பு.”

இவர் தன் படை மொத்தத்தையும் அனுப்பினார். தம்பி ஊரும் பிழைக்கவில்லை, காவலில்லாத எங்கள் ஊரும் அழிந்தது. இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அந்தப் பக்கமும் சிரிப்பு கேட்டது. யாரோடு ஆடுகிறோம் என்று தெரிந்துதான் நெல் அனுப்பினாரா என்று பிற்பாடு கொழுந்தனாரிடம் கேட்டேன். “கைப்பழக்கம் அண்ணி” என்றார். நான் பாதிதான் நம்பினேன்.

அந்த விளையாட்டை எந்த தேசத்தில், யார் செய்தார்களோ தெரியாது. அவர்கள் பிள்ளைகுட்டிகளோடு நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார நினைத்துக்கொள்கிறேன்.

மறுநாள் காலையில் அவர்கள் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். கொழுந்தனார் உள்ளே வராமல் நின்றுகொண்டே, “நெலம் வாங்க வந்த ஆளுகிட்ட வேணாம்னு சொல்லிட்டேண்ணா” என்றார். இவர், “உள்ள வாடா” என்று மட்டும் சொன்னார்.

ஓரகத்தியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அவ்வளவு எழுதித் தள்ளியவளை நான் நேருக்கு நேர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அவள்தான் முதலில் அருகில் வந்து, இடுப்பிலிருந்த குழந்தையை என்னிடம் நீட்டினாள். “தூக்குங்கக்கா, இன்னா பாக்கறீங்க. ஒங்க புள்ளதான்” என்றாள். நான் நினைத்ததைவிட அவன் நல்ல கனமாக இருந்தான்.