சீருடையில் வந்த பெண்

திண்டிவனத்தில் விழுப்புரம் பஸ் ஏறியபோது பள்ளிச் சீருடையில் ஒரு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பதினாறு வயதிருக்கும். இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை, கைகளில் புது மருதாணி. அடிக்கடி ஜன்னல் வழியே பின்னால் எட்டிப் பார்த்தாள். ஒரு பைக் எங்கள் பஸ்ஸை விடாமல் தொடர்ந்து வந்தது.

“யாரும்மா அது?”

“எங்க மாமாதான்க்கா. நாளைக்கு அவருக்குத்தான் என்னைக் கட்டி வைக்கப் போறாங்க. அதான் கலெக்டர் ஆபீஸ் போய்க்கினு இருக்கேன். ஸ்கூலை விட்டு நிறுத்திட்டாங்க. யூனிபார்ம்ல போனாத்தான் சின்னப் பொண்ணுன்னு நம்புவாங்க.”

“நானும் கூட வர்றேன்.”

“வேணாங்க்கா. நீங்க வந்தா, யாரோ சொல்லிக் குடுத்துப் பேசுறேன்னு சொல்லிடுவாங்க. நானே சொல்லணும்.”

ஆபீஸ் வாசலில் இறங்கித் தனியாக உள்ளே போனாள். மனம் கேட்காமல் நானும் இறங்கி எதிர்ப்புறம் நின்றேன். அந்த ஆள் உள்ளே போகவில்லை. எனக்குப் பக்கத்திலிருந்த மரத்தடியில் பைக்கை நிறுத்திவிட்டு போன் செய்தான்.

“ஜல்தி வாங்கடா. இந்த வழியாத்தான வெளிய வரணும்.”

இன்னும் இரண்டு பைக்குகள் வந்து சேர்ந்தன.

மதியம் ஒரு அரசு ஜீப் வெளியே வந்தது. அதில் ஒரு பெண் அதிகாரியின் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். மரத்தடியைக் கடக்கும்போது தலையைக் குனியாமல் அவனை நேராகப் பார்த்தாள். பைக்குகள் ஜீப்பின் பின்னாலேயே கிளம்பின.

அவள் எங்கே போய்ச் சேர்ந்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.