கரி படாத எஞ்சின்

மேசைமேல் வைக்கும் அளவில், நிஜமாகவே கரி போட்டு ஓடும் ரயில் எஞ்சின்களைச் செய்துகொடுப்பவருக்குத் தெருவில் ‘எஞ்சின்காரர்’ என்று பெயர். அவர் காதில் விழாதபோது, முசுடு. அவர் செய்ததிலேயே உருப்படியானது பல் டாக்டருக்காக மூன்று வருடம் உழைத்த பச்சை எஞ்சின்தான். டாக்டர் வருடம் தவறாமல் போன் செய்து, “சூப்பரா ஓடுதுங்க” என்பார். அன்றைக்கு மட்டும் எஞ்சின்காரர் மனைவியிடம் சிரித்துப் பேசுவார்.

டாக்டர் இறந்தபின், விற்பதற்கு முன் சரிபார்க்கச் சொல்லி மகள் அதைக் கொண்டுவந்தாள். எஞ்சின்காரர் அதன் அடுப்புக்குள் விரலை விட்டுத் துழாவினார். விரலில் பொட்டுக் கரி இல்லை. அவர் துடைத்துக் கொடுத்த செம்புத் தகடு மங்கியிருந்ததே தவிர, நெருப்பைக் கண்டதாகத் தெரியவில்லை.

“பத்த வச்சதே இல்லையேம்மா! பதினோரு வருஷமா என்கிட்ட பொய்யா சொன்னார் உங்கப்பா?”

“நீங்க சொல்லிக்கொடுத்தது அப்பாவுக்குப் புரியலைங்க.”

“ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே வந்து ஓட்டிக் காட்டியிருப்பேனே!”

“கேக்கத்தாங்க வருஷா வருஷம் போன் போட்டார். நீங்க எடுத்ததுமே ‘இப்ப என்ன?’ன்னு அதட்டுவீங்களாம். உடனே, சூப்பரா ஓடுதுன்னு சொல்லிட்டு வச்சிடுவார்.”