ஓட்டை விழுந்த இலை

பேரிக்காய்ப் பெட்டியின் பலகையில் காதை ஒட்டி மூச்சை அடக்கிக்கொண்டால், ஈரக் காகிதத்தை யாரோ பொறுமையாகக் கிழிப்பது போல ஒரு சத்தம் கேட்கும். நத்தைகள் கோஸ் இலை தின்கிற சத்தம் அது. ஐம்பதுகளின் கடைசியில், மழை தொடங்கி மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும் கொடைக்கானல் நாட்களில், என் அக்கா ஜமீலாவும் நானும் விறகுக் கொட்டகையில் அந்தப் பெட்டியின் இரு பக்கமும் குந்தி, ஆளுக்கொரு காதைக் கொடுத்திருப்போம். அதைவிட நல்ல கச்சேரி எனக்கு அப்போது தெரியாது. இப்போதும் தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழெட்டு நத்தைகள் இருந்தன. எல்லாவற்றிலும் பெரியதற்கு 'துரை' என்று பெயர். எங்கள் ஊரில் சொந்தப் பங்களா வைத்திருந்தவர்கள் எல்லோரும் துரைமார்கள். இவரோ பங்களாவை முதுகிலேயே வைத்திருந்தார்.

ஆட்டுக்கு எந்தத் தழை ஆகும் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நத்தைக்கு எது ஆகும் என்று கேட்டால் சிரிப்பார்கள். ஆகவே அக்கா தானே ஒரு சட்டம் இயற்றினாள். எந்த இலை ஏற்கெனவே ஓட்டை விழுந்திருக்கிறதோ அது நல்ல இலை. யாரோ தின்றுபார்த்துவிட்டு உயிரோடு போயிருக்கிறார்கள். ஓட்டையே இல்லாமல் பளபளவென்று இருப்பதை நம்பக் கூடாது. அந்தச் சட்டப்படி, வெள்ளைப் பூ தலைகீழாகத் தொங்கும் வேலியோர ஊமத்தை 'பெயில்', தைலமரத்து இலை 'பெயில்', மயில்துத்த மருந்து தெளித்து நீலத் திட்டாகக் காய்ந்திருக்கும் உருளைக்கிழங்குச் செடி அடியோடு 'பெயில்'. கோஸ், நூல்கோல், முள்ளங்கி இலைகளும் சௌசௌக் கொழுந்தும் முதல் வகுப்பில் 'பாஸ்'.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எங்கள் அத்தாவுக்கு பஜாரில் காய்கறிக் கடை. ஓட்டை இலையைக் கண்டால் முகம் சுளித்துக் கழித்து எறிவதுதான் அவருடைய தொழில். அவர் கழித்ததையெல்லாம் நாங்கள் பவுன் போலப் பொறுக்கிக்கொண்டிருப்போம். வடகவுஞ்சியிலிருந்து கோஸ் மூட்டை கொண்டுவரும் கருப்பையா மாமாவுக்கு இது பிடிபடவே இல்லை.

"என்னங்க பாய், ஒங்க மகளுக்கு நல்ல எலையாக் குடுத்தா வேணாங்குது. சொத்தையாப் பாத்துக் கேக்குது."

"அவுக வீட்டுல தொரை சாப்பிடணுமாம்" என்பார் அத்தா, சிரிக்காமல்.

எங்கள் அம்மாவுக்கு மட்டும் துரையின் பெயரைச் சொன்னாலே குமட்டும். அவளுடைய வாழ்நாள் யுத்தமே புழு பூச்சியோடுதான். கீரையானாலும் காலிபிளவரானாலும், வெதுவெதுப்பான தண்ணீரில் கைநிறையக் கல்லுப்பைப் போட்டு முக்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பிறகுதான் அரிவாள்மணை அருகே வரும். "அந்தச் சளியப் படியேத்துனீங்க, நீங்களும் அதுகளோட கொட்டகையிலயே கெடங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். நாங்கள் அதை மிரட்டலாக அல்ல, அனுமதியாகவே எடுத்துக்கொண்டோம்.

அந்த ஐப்பசியில் இரண்டு பேரும் ஒன்றாகக் காய்ச்சலில் விழுந்தோம். அக்கா அரைமயக்கத்திலும் "தொரைக்குச் சோறு வைக்கலியே" என்று முனகிக்கொண்டிருந்தாள். அம்மா கேட்டும் கேட்காதது போல நெற்றியில் ஈரத்துணியை மாற்றினாள். ஆனால் சாயங்காலம் மழையோடு அவளே கொட்டகைக்குப் போயிருக்கிறாள். மக்ரிப் தொழுதுவிட்டு, தின்றனவா என்று பார்க்க மறுபடியும் போயிருக்கிறாள். திரும்பி வந்தவளின் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏண்டி ஜமீலா, எல்லாம் நொர தள்ளிக் கெடக்குதுடி. ஒரு ஓட்டகூட இல்லாத நல்ல எலையாப் பாத்து, கழுவித்தானே போட்டேன்."

அக்கா போர்வையை உதறிக்கொண்டு எழுந்தாள். "எதுலம்மா கழுவுன?"

"உப்புத் தண்ணியிலதான். ஒங்களுக்குக் கழுவுற மாதிரி."

உப்பு பட்டால் நத்தை கரைந்துபோகும் என்று தெரியாத பிள்ளை எங்கள் தெருவில் இல்லை. அம்மாவுக்கும் தெரியும். ஆனால் பிள்ளைகளின் சாப்பாடு என்று நினைத்ததும் அவள் கை பழக்கப்படி உப்புச் சாடிக்குள் போய்விட்டது. அக்கா அழத் தொடங்கினாள். அம்மா அழவில்லை. "வெரசா நல்ல தண்ணி கொண்டாங்க" என்று அத்தாவை விரட்டிவிட்டு, பெட்டியையே தூக்கிக்கொண்டுவந்து அடுப்படியில் வைத்தாள். எந்தக் கை அவற்றைத் தொட மாட்டேன் என்றதோ அந்தக் கையாலேயே ஒவ்வொன்றாக எடுத்து, நுரை போகப் போகத் தண்ணீரை மாற்றி மாற்றி அலசினாள். ஒவ்வொன்றாகக் கொம்பு நீட்டின. துரை மட்டும் பங்களாவைச் சாத்திக்கொண்டு கிடந்தார். அவரை உள்ளங்கையில் வைத்தபடி அம்மா முணுமுணுவென்று ஏதோ ஓதிக்கொண்டே இருந்தாள். நாங்கள் போர்வையோடு அவள் தோளில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வெகுநேரம் கழித்து ஒரு கொம்பு வெளியே வந்தது, பிறகு இன்னொன்று.

"முழிச்சிட்டாருடி" என்றாள் அம்மா. துரை அவள் மணிக்கட்டில் ஏறி, கண்ணாடி வளையல்களைத் தாண்டி முழங்கை வரை வெள்ளிக் கோடு போட்டுக்கொண்டு போனார். அம்மா கூச்சத்தில் நெளிந்தாளே தவிர கையை உதறவில்லை. அவள் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்குக் காய்ச்சல் விட்டது அன்றைக்குத்தான் என்று இன்றும் நம்புகிறேன்.

அன்றிலிருந்து, தண்ணீரில் உப்புப் போடுமுன் ஒரு இலையைத் தனியே எடுத்து ஜன்னலோரம் வைப்பது அம்மாவின் வழக்கமாயிற்று. நத்தைகளை நாங்கள் வேலியில் விட்டுப் பல வருஷங்கள் ஆன பிறகும், அவள் மௌத்தாகும்வரை அது நிற்கவில்லை.

அந்த விறகுக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது ஒரு லாட்ஜின் கார்கள் நிற்கின்றன. வேலியும் இல்லை, வேலியில் நத்தையும் இல்லை. நேற்று கோஸ் கழுவ உப்பை எடுத்தபோது என் கை தானாகவே ஒரு இலையை எடுத்து ஜன்னலில் வைத்தது. "அது யாருக்கு மாமி?" என்று மருமகள் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மதுரையில் இருக்கும் அக்காவுக்கு உடனே போன் போட்டுச் சொன்னேன்.

"ஓட்ட இருக்கா?" என்று கேட்டாள்.

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "ஒண்ணுகூட இல்லக்கா. கடையில எல்லா எலையும் இப்படித்தான் வருது."

"அப்ப அத வைக்காத" என்றாள் அக்கா.