இடக்கைத் துவக்குக்குக் காத்திருந்த அண்ணர்

பொருளைக் கையளிக்கும் நாளை விற்பவரும் வாங்குபவரும் பேசி வைக்காவிட்டால், பிரான்சின் நுகர்வோர் சட்டப்படி விற்பவர் முப்பது நாட்களுக்குள் அதைக் கொடுத்தாக வேண்டும். தவறினால், முறைப்படி எழுதிக் கேட்டுவிட்டு விற்பனையை ரத்துச் செய்யலாம். கோப்புகளுக்கு நடுவே வேலை செய்து ஓய்வுபெற்றவன் என்ற வகையில் துப்பாக்கிக்குப் பதிந்துவிட்டுக் காத்திருந்த அண்ணருக்கு இதை நான் பலமுறை எடுத்துச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "ரத்துச் செய்தா எனக்குத் துவக்கு வருமோடா?" சட்டத்தில் அதற்கு விடை இல்லை.

எமது அண்ணர் வடமராட்சியில் பெற்றோருக்கு மூத்த மகனாகப் பிறந்து, இளம் வயதில் வன்னிக்கு வயல் செய்யப் போனார். பாலைப்பழக் காலத்தில் நண்பர் ஒருவருடன் காட்டுக்குள் நுழைந்தபோது கரடி அவரைத் தாக்கியது. வலக்கண்ணும் வலப்பக்க முகத்தில் பாதியும் போயின. நண்பர் கையில் ஓர் இடியன் துவக்கு, குழாய் வாயால் மருந்து இடித்து நிரப்பும் நாட்டுத் துப்பாக்கி, இருந்தது. நண்பர் மரத்தில் இருந்தார்; ஆகவே துவக்கும் மரத்தில் இருந்தது. பின்னர் அந்த நண்பர் தம் அக்காவை அண்ணருக்குக் கட்டிக் கொடுத்து எங்கள் மைத்துனரானார். நடந்ததை விவரிக்கும் உரிமையும் அத்துடன் அவருக்கே போயிற்று. அவரது விவரிப்பில் அண்ணர் ஓடினார். கரடி துரத்திப் பிடித்தது.

பிறகு பாரிசுக்குப் புலம்பெயர்ந்து அண்ணர் உணவகச் சமையலறைகளில் உழைத்தார். சாப்பிட வருகிறவர்கள் முகத்தைக் கண்டுவிடக் கூடாது என்று ஒரு முதலாளி அவரைப் பின்வாசலால் வந்துபோகச் சொன்னார். அண்ணர் அப்படியே வந்துபோனார். பிள்ளைகளைப் படிக்க வைத்தார். புறநகரான வில்லியே லே பெல்லில் வீடு வாங்கினார். 2009இல் போர் முடிந்த பிறகு மற்றவர்கள் ஊருக்குப் போய்க் காணி பார்த்தார்கள். அண்ணர் போகவில்லை. ஓய்வுபெற்ற மறுவாரம் என்னிடம் வந்து, "கரடிக்கு எந்தத் துவக்கு சரிவரும் எண்டு பாத்துச் சொல்லு" என்றார்.

பிரான்சில் கரடியைத் தொட முடியாது. குரோசியாவில் அனுமதி எடுத்துச் சுடலாம். அதற்கு முன் இங்கே வேட்டை அனுமதிப் பத்திரம் வேண்டும், அதற்குப் பரீட்சை. முதல் முறை அண்ணர் தோற்றார். திரையில் ஒரு கரடியின் படத்தைக் காட்டி, சுடலாமா கூடாதா என்று கேட்டிருந்தார்கள். சுடலாம் என்று விடையளித்தார். அந்த ஒரு கேள்வியில் பிழைவிட்டால் மற்றெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. "படிச்சுத்தானே போனீங்கள், கூடாது எண்டு தெரியாதோ?" என்று கேட்டேன். "தெரியும். படத்தைப் பாத்த உடன கை சுடலாம் எண்டு போட்டுது" என்றார். அடுத்த முறை கரடியைக் காப்பாற்றித் தேறினார்.

பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில், மைத்துனரின் கடையில் இந்தப் பேச்சு நெடுநாள் ஓடியது. பின்பக்கத்துக் கதிரைகளில் அமர்ந்து தேநீர் குடிக்கும் எல்லோரும் ஒரே வாரத்தில் ஆயுத நிபுணர்களானார்கள். முப்பது-நோட்-சிக்ஸ் ரகத் தோட்டா போதும் என்றார் ஒருவர். யானைக்கு அடிப்பதுதான் கரடிக்கும் வேண்டும் என்றார் இன்னொருவர். "துவக்கு எதெண்டாலும் என்ன அத்தான், ஓடுறதுக்கு நல்ல சப்பாத்து வாங்குங்கோ" என்றார் மைத்துனர். அண்ணரும் கூடச் சிரித்தார். பாதி முகம் அசையாதவரின் சிரிப்பை அவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பது எனக்குத் தெரியாது.

அண்ணரின் தெரிவு வேறு வகையானது. மெல்லிய குண்டு விரைவாகப் போகும். ஆனால் காட்டுக்குள், கிட்ட நின்று, எலும்பையும் கொழுப்பையும் கடந்து உள்ளே போகப் பாரமான குண்டுதான் வேண்டும். அதற்காக மிகப் பெரியதை எடுத்தால் உதை அதிகம். உதைத்தால் மேலுள்ள தொலைநோக்கி புருவத்தில் இடிக்கும். "எனக்கு இடிபடக் கிடக்கிறது ஒரு கண்" என்றார். நடுத்தரக் குழாய், ஒன்பது தசம் மூன்று மில்லிமீற்றர்: பாரமான குண்டு, தாங்கக்கூடிய உதை. கதிரைகளில் இருந்த ஒருவருக்கும் அந்தக் கண் கணக்கில் வரவில்லை.

வலக்கண் இல்லாதவர் இடத்தோளில் வைத்துத்தான் குறி பார்க்க முடியும். அப்படியானால் தோட்டாவை ஏற்றும் பிடியும் இடப்பக்கம் இருக்க வேண்டும். கடைக்காரர் அலுமாரியைத் திறந்து, வலக்கைத் துவக்கொன்றை இன்றே கொண்டுபோகலாம் என்றார். அண்ணர் அதை இடத்தோளில் வைத்தார். கையைத் துவக்குக்கு மேலால் கொண்டுபோய்ப் பிடியை இழுத்துத் தள்ளினார். பிறகு என்னிடம் திரும்பி, "கரடி அவ்வளவு நேரம் பாத்துக்கொண்டு நிக்காது எண்டு பிரெஞ்சில சொல்லு" என்றார். சொன்னேன். கடைக்காரர் சிரித்தார், பிறகு முகத்தை நிமிர்ந்து பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். இடக்கைத் துவக்குக்குத் தொழிற்சாலையிடம் எழுதினார். நாள் குறிப்பிடவில்லை. நான் மேலே சொன்ன சட்டம் பொருந்தியிருக்க வேண்டிய இடம் அதுதான்.

இதற்கிடையில் எஞ்சிய கண்ணிலும் அழுத்தம் ஏறி, பார்வை ஓரங்களில் இருந்து மூடிக்கொண்டு வந்தது. வைத்தியர் சொட்டு மருந்து கொடுத்தார். போனது திரும்பாது என்றார். துவக்கு முதலில் வருமா, இருள் முதலில் வருமா என்பதே வீட்டில் பேச்சு. அண்ணி மட்டும் ஒரு நாள் கேட்டார்: "அந்தக் கரடி எப்பவோ செத்திருக்கும். உங்களுக்கென்ன அதில இன்னும் கோவம்?"

"கரடியில எனக்கென்ன கோவம்?" என்றார் அண்ணர். "ஒருக்கா நிண்டு காட்டவேணும். சாட்சிக்கு இவனையும் கூட்டிக்கொண்டு போவன்."

இவன் என்றது என்னை. நான் கடவுச்சீட்டைப் புதுப்பித்தேன்.

மைத்துனரோ கண்ட நேரமெல்லாம், "என்ன அத்தான், துவக்கு வந்திட்டுதோ? இல்லாட்டி கரடி தவணை கேக்குதோ?" என்று விசாரித்தார். கடைசி நாளும் அப்படியே விசாரித்தார். அன்று அண்ணர் துவக்குக் கடையில் கேட்டு, வழமையான பதிலை வாங்கி, லாச்சப்பலில் காய்கறி எடுத்துக்கொண்டு வீடு திரும்பினார். பஸ் தரிப்பிடத்தில் நெஞ்சைப் பிடித்தபடி இருந்தவர் எழவில்லை.

மலர்ச்சாலையில் உடலைக் குளிப்பாட்டியவர்களில் நானும் ஒருவன். மார்பிலும் முன்கைகளிலும் கரடியின் நகங்கள் எழுதியது அத்தனையும் இருந்தது. திருப்பினோம். முதுகில் ஒரு கீறல் இல்லை. ஓடுகிறவனைக் கரடி முன்பக்கத்தால் பிடிப்பதில்லை. தண்ணீர்ச் செம்புடன் நின்ற மைத்துனரிடம், "முதுகைப் பாருங்கோ" என்றேன்.

"தண்ணி ஆறுது, கெதியா ஊத்துங்கோ" என்றார்.

இந்த நினைவு மலரைப் பெறுகிறவர்கள் அனைவரும் அந்தக் கதையை மைத்துனரின் வாயால் கேட்டவர்கள். ஆகவே அறியத் தருகிறோம்: எமது அண்ணர் ஓடவில்லை. மரத்தில் இருந்தவரிடம் துவக்கு இருந்தது. நிலத்தில் நின்றவர் வெறுங்கையுடன் நின்றார்.

துயரில் பங்குகொண்டோர், மலர்வளையம் அனுப்பியோர், கிரியைகளை நடத்திய ஐயா, அண்ணியுடன் இரவுகளில் துணையிருந்த அயலவர்கள் அனைவருக்கும் எமது நன்றி. அன்று மரத்தின் மேலிருந்து அனைத்தையும் தெளிவாகக் கண்டவரும், இத்தனை ஆண்டுகளாக அதை எம்மை மறக்கவிடாதவருமான மைத்துனருக்கும், அவர் கடைக் கதிரைகளுக்கும் சிறப்பான நன்றி உரியது.

துப்பாக்கிக் கடையில் இருந்தும் ஒரு கடிதம் வந்தது. இடக்கைத் துவக்கு, ஒன்பது தசம் மூன்று, வந்து சேர்ந்துவிட்டது என்றும், வாங்குபவர் செல்லுபடியாகும் பத்திரத்துடன் நேரில் வந்து தோளில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். அண்ணருக்குப் பிடித்த இறைச்சிக் கறியை அண்ணி படத்துக்கு முன்னால் படைத்துக்கொண்டிருந்தபோது தபால்காரர் மணி அடித்தார். அன்று அவர் இறந்த எட்டாம் நாள், எட்டுச் செலவு.