அழுதது நடிப்பாம்

கையெழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவதுக்கு மேல் நான் படிக்கவில்லை.

கம்பத்திலிருந்து ஏலத்தோட்டம் போகும் ஜீப்பில் எங்கள் இருவருக்கும் எதிரே ஒரு போதகர் இருந்தார். மணிக்கட்டுவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை. பேசப் பேச மடியிலிருந்த பைபிளைத் தட்டுவார். என் மனைவியின் செபமாலையைப் பார்த்துத் தொடங்கினார்.

"இயேசு முழுக்கக் கடவுள்மா. மனுச உடம்பு வெறும் வேசம். சினேகிதன் லாசர் செத்ததுக்கு அழுதது நடிப்பு."

எங்கள் பிள்ளையைப் புதைத்த நாளிலிருந்து, இயேசுவும் அழுதார் என்பதைத்தான் அவள் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப ஏம் புள்ளைக்கும் அழுதாகன்னு நெனச்சது பொய்யா?"

"கடவுளுக்கு ஏதும்மா கண்ணீரு?" பைபிளைத் தட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மலை வளைவில் ஜீப் பள்ளத்துப் பக்கம் சாய்ந்தது. "ஆத்தா" என்று அலறிப் போதகர் என் கையைப் பிடித்தார். உதறினேன்.

"இதுவும் நடிப்பாய்யா?" என்றாள் அவள்.

இறங்கும்வரை அவர் பைபிளைத் தட்டவில்லை. என் கோபம் ஆறவில்லை. அவர் என் கையைப் பிடித்த பிடியும் மறக்கவில்லை.

எழுதியது: பெரிய வெள்ளிக்கு மறுநாள்.