ஒரு ரூபிளுக்கு எத்தனை ரூபிள்?

பச்சை மார்க்கர் பேனையின் காரமான வாசமும் செத்தல் மிளகாய் வதங்கும் நெடியும் ஒன்றாக மூக்கில் ஏறினால், எனக்கு உடனே 2011ஆம் ஆண்டு வந்துவிடும். சிட்னியின் வென்ட்வேர்த்வில்லில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் "குசினி" என்ற சமையலறைக் கதவில் கட்டம் போட்ட பெரிய தாளொன்றை ஒட்டி வைத்து, பள்ளிக்கூடம் விட்டு வந்த கையோடு, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், கணினியைப் பார்த்து அதில் ஒரு புள்ளி வைப்பேன். ஒரு ரஷ்ய ரூபிள் வாங்க எத்தனை பெலாரஸ் ரூபிள் கொடுக்க வேண்டும் என்பதைச் சொல்லும் புள்ளி அது. பதினொரு வயதுப் பிள்ளைக்கு இது என்ன விளையாட்டு என்று நீங்கள் கேட்கலாம். என் வகுப்பில் வேறு ஒருவருக்கும் இல்லாத விளையாட்டு என்பதே எனக்குப் பெரிய பெருமையாக இருந்தது.

எல்லாம் சின்னம்மாவுக்காகத்தான். அம்மாவின் தங்கையான அவர் பெலாரஸ் நாட்டின் மின்ஸ்க் நகரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தார். ஸ்கைப்பில் பார்த்ததைத் தவிர நான் அவரை நேரில் கண்டதே இல்லை. அவருடைய கோடை விடுமுறைக்குள் எங்கள் ஜூலை விடுமுறையும் வந்ததால், சிட்னிக்கு மூன்று கிழமை வருவதென்று முடிவாகி, விசாவும் கிடைத்துவிட்டது. விமான "ரிக்கற்" எடுத்துத் தருகிறேன் என்று அம்மா சொன்னதற்கு, "படிப்புக்கு நீங்கள் கட்டுறதே காணும் அக்கா, வாறது என்ர காசிலதான்" என்று சின்னம்மா ஒரே பிடியாக நின்றார். மாலை நேரங்களில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த பெலாரஸ் ரூபிளை ரஷ்ய ரூபிளாக மாற்றி, ரயிலில் மொஸ்கோவுக்குப் போய் அங்கே மலிவாக ரிக்கற் வாங்குவது அவருடைய திட்டம்.

வருடத் தொடக்கத்தில் என் புள்ளிகள் நூறை ஒட்டிச் சோம்பேறிகளாகப் படுத்துக் கிடந்தன. பிறகு மெல்ல மெல்ல ஏறத் தொடங்கினவே, அப்பப்பா, எனக்கு வந்த குதூகலத்தைச் சொல்லி முடியாது! எங்கள் வீட்டில் "ஏறீட்டுது" என்பது கொண்டாட்டச் சொல். செவன் ஹில்ஸில் தொழிற்சாலை வேலை முடித்து வரும் அப்பா, ஓர் ஒஸ்ரேலிய டொலருக்கு எத்தனை இலங்கை ரூபாய் என்று பார்த்துவிட்டு "ஏறீட்டுது" என்றாரானால், ஊருக்குக் காசு அனுப்பும் அம்மாவின் முகம் மலரும், அன்றிரவு கடைக் கொத்துரொட்டி நிச்சயம். ஏறினால் நல்லது என்பதைப் பால்குடிக் காலத்திலேயே படித்தவள் நான். கோடு ஏற ஏறச் சின்னம்மா கிட்ட வருகிறார் என்றே நினைத்துத் துள்ளினேன். "பொறுங்கோ சின்னம்மா, இப்ப மாத்தாதேங்கோ, இன்னும் ஏறும்!" என்று ஸ்கைப்பில் ஆலோசனை வேறு சொன்னேன். அவர் சிரிப்பார். ஒவ்வொரு நாளும் காசு மாற்றும் இடத்தில் வரிசையில் நின்று, ரஷ்ய ரூபிள் முடிந்துவிட்டது என்ற பதிலோடு அவர் திரும்பிக்கொண்டிருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது.

மே மாதத்தில் ஒருநாள் புள்ளி தாளைத் தாண்டிப் போய்விட்டது. வாடகை வீடு என்ற பயமே இல்லாமல் கதவின் மரத்திலேயே அதை வைத்தேன். அங்கே அப்போது காலை நேரம். சின்னம்மாவின் முகம் திரையில் தெரிந்ததுதான் தாமதம், உட்கார்ந்திருந்த "கதிரை"யில் ஏறி நின்று, "ஏறீட்டுது! ஏறீட்டுது!" என்று கத்தினேன். அவர், "ஓம் ராசாத்தி, நல்லா ஏறீட்டுது" என்றார்.

வேலையால் வந்த அப்பா கதவைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். "பிள்ளை, அவள் முந்தி நூறு குடுத்து வாங்கினதுக்கு இப்ப நூற்றெழுபதுக்கு மேல குடுக்கவேணும். ஏறினா அனுப்புற எங்களுக்குத்தான் நல்லது. அவளின்ர காசு விழுந்துபோச்சு" என்றார். அம்மா எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தும் சின்னம்மா தன் பிடியை விடவில்லை. ஜூலையில் அவர் வரவில்லை. நான் விக்கி விக்கி மன்னிப்புக் கேட்டபோது, "அண்டைக்கு வரிசையில எல்லாரும் அழுதுகொண்டு நிண்டவை. உன்ர கூத்தை நினைச்சு நான் ஒருத்திதான் சிரிச்சனான்" என்றார்.

அவர் வந்தது 2013 கடைசியில், எனக்குப் பதின்மூன்று முடிந்த பிறகு. விமான நிலையத்தில் தள்ளுவண்டியோடு வெளியே வந்தவர், என்னைத் தாண்டி, கீழே, ஒரு சின்னப் பிள்ளையைத் தேடினார். ஸ்கைப்பில் முகம் மட்டும்தானே தெரியும். நானும் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கவில்லை, கைபேசியைப் பிடித்தபடி "ஹாய்" என்றேன். காசு கரைகிறதே என்று மின்ஸ்கில் எல்லோரும் கண்டதையும் வாங்கிய அந்த 2011 மே மாதத்தில், அவரும் எனக்கென்று ஒரு சிவப்புக் கோட்டு வாங்கி வைத்திருந்தார். அதன் கை என் முழங்கையைத் தாண்டவில்லை.

அந்தப் பெலாரஸ் ரூபிள் தாள்கள் இன்று செல்லாது, நான்கு பூச்சியத்தை வெட்டிப் புதிது அடித்துவிட்டார்கள். எங்கள் வாடகை வீட்டை இடித்து மாடிக் குடியிருப்பு எழுப்பியாயிற்று. சின்னம்மா இப்போது வைத்தியர், நினைத்தபோது ரிக்கற் எடுத்து வருகிறார். ஒவ்வொரு முறையும் நான்தான் கூட்டிவரப் போகிறேன். ஆனாலும் அவர் ஆசையோடு காசு சேர்த்தது அந்தப் பதினொரு வயதுக்காரியைப் பார்க்க. அவளை அவர் ஒருநாளும் நேரில் பார்க்கவில்லை.