கறுப்பி நடந்த சுற்றுகள்

ஜூலை மாதம் பதினான்காம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். சோளகக் காற்று மணலை அள்ளி முகத்தில் எறிந்துகொண்டிருந்தது. வானத்தில் ஒரு முகில்கூட இல்லை. அந்த நேரத்தில் நான் ஓர் உண்மையைக் கண்டேன். கண்டதை மறைத்தேன், முப்பத்தோராம் நாள் நேரே கேட்டபோதும் மறைத்தேன். அதனால் ஒரு கரடி தன் ஒரேயொரு விடுதலையை இழந்தது.

இதை நான் பங்குச் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவில்லை. சொன்னால் அவர் மன்னித்துவிடுவார். ஐந்து நிமிடம் போதும் அவருக்கு. உங்களால் மன்னிக்க முடியாது, அந்த அதிகாரம் உங்களுக்கு இல்லை. ஆகவேதான் உங்களிடம் சொல்கிறேன்.

எனக்கு வயது எழுபத்துநான்கு. அரிப்பு என்ற எங்கள் கடற்கரை ஊரில் என் வீட்டு வாசலிலிருந்து மிருகங்களைப் பராமரிக்கும் அந்த நிலையத்தின் வாசல் படலை வரைக்கும் ஆயிரத்து முந்நூற்று நாற்பது அடிகள். முழங்கால் நோகும் நாட்களில் ஆயிரத்து நானூறு. சிரிக்காதீர்கள். எண்ணாமல் என்னால் நடக்க முடியாது. இராமேஸ்வரத்துக்கு அப்பால் ஓர் அகதி முகாமில் பத்தொன்பது வருடங்கள் இருந்தேன். பத்தடிக்குப் பத்தடி அறை. அங்கேதான் இந்தப் பழக்கம் பிடித்தது. முகாமில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். அதனால் ஊர் திரும்பிய பிறகும் எல்லாருக்கும் நான் 'மாஸ்டர்'.

நிலையத்தில் பதினாறு உயிர்கள் இருந்தன. வீதியில் அடிபட்ட ஒன்பது கழுதைகள், நான்கு ஆமைகள், ஒரு கண் இல்லாத இரண்டு குரங்குகள், பிறகு கறுப்பி. கறுப்பி ஒரு பெண் கரடி. தெற்குக் காட்டில் தாய் கம்பிக் கண்ணியில் மாட்டிச் செத்துக் கிடந்தபோது அதன் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்த குட்டி. மனிதக் கையில் பால் குடித்து வளர்ந்ததால் இனிக் காட்டில் விட முடியாது.

கூட்டில் இருக்கும் மிருகத்துக்கு வயிறு நிறைந்தால் போதாது, அதற்குச் செய்ய வேலை வேண்டும், தேட வேண்டும், தோண்ட வேண்டும். இல்லாவிட்டால் அதன் மனம் கெட்டுப்போகும். கெட்ட மனம் முதலில் காலில்தான் தெரியும். ஒரே இடத்தில், ஒரே அளவில், போவதும் வருவதுமாக நடக்கும். இதை எனக்குச் சொல்லித் தந்தவர் நிலையத்தின் மிருக வைத்தியர். வவுனியாவிலிருந்து வந்த இளம் பிள்ளை. நான் அவரை 'டொக்டர்' என்பேன், அவர் என்னை 'ஐயா' என்பார். என் வேலை எண்ணுவது. தினமும் அரை மணி நேரம் கறுப்பியின் முன்னால் என் நீலக் கதிரையைப் போட்டு அமர வேண்டும். கடிகாரத்தில் ஒவ்வொரு நிமிடம் தொடங்கும்போதும் நிமிர்ந்து பார்த்து, அவள் நடக்கிறாளா, இருக்கிறாளா, தேடுகிறாளா என்று கொப்பியில் ஓர் எழுத்து எழுத வேண்டும். முப்பது நிமிடம், முப்பது எழுத்து.

அவளுக்கு வேலை கொடுப்பவர் நஸீர். எருக்கலம்பிட்டி ஆள். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லாரோடும் பதின்மூன்று வயதில் புத்தளத்துக்குத் துரத்தப்பட்டு, நரைத்த தலையோடு திரும்பி வந்தவர். பனங்கட்டையைக் குடைந்து உள்ளே தேன் தடவுவார். பாலைப்பழத்தைச் சாக்குக்குள் முடிந்து கிளையில் தொங்கவிடுவார். கறையான் புற்று மண்ணை வெட்டிவந்து புதைத்து வைப்பார். அவரிடம் ஒரு பழைய டொபித் தகரம், மிட்டாய் வந்த டப்பா, இருந்தது. உள்ளே பன்னிரண்டு கடதாசித் துண்டுகள், பன்னிரண்டு மணி நேரங்கள். காலையில் குலுக்கி ஒன்றை எடுப்பார். எந்த மணி வருகிறதோ அந்த மணிக்குத்தான் பனங்கட்டை.

"நேரம் தெரிஞ்சா அது விளையாட்டில்ல மாஸ்டர், சம்பளம்," என்பார். "சம்பளத்துக்குக் காத்திருக்கிற சீவனப் பாத்திருக்கிறீங்களோ? உங்கட பென்சன்காரர் தபால் கந்தோர் வாசல்ல நிக்கிறமாதிரி நிக்கும்."

நான் கேட்கவில்லை. இது என் முதல் குற்றம்! லொத்தர் சீட்டுப்போல வரும் நேரத்தில் எப்படி ஒழுங்காக எண்ணுவது? காலை ஆறு இருபதுக்குத் தொடங்கி ஆறு ஐம்பதுக்கு முடிப்பேன், அதன் பிறகே கட்டை போட வேண்டும் என்றேன். இன்னொன்றும் சொன்னேன். அவள் நடந்துகொண்டிருக்கும்போது போடாதே, அமர்ந்தால் மட்டும் போடு, இல்லாவிட்டால் என் எண்ணிக்கை குழம்பும் என்று. மாஸ்டர் சொல்லிவிட்டேனே... நஸீர் தகரத்தை மூடி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டார்.

முதல் வருடம் முப்பதுக்கு இருபத்திரண்டு நடை. மூன்றாம் வருடம் ஒன்பது. ஆறாம் வருடம் இரண்டு! நான் கீறிய வரைபடத்தில் கோடு இறங்க இறங்க என் நெஞ்சு நிமிர்ந்தது. நீலக் கதிரையை விரித்ததும் அவள் வந்து எனக்கு எதிரே குந்துவாள், பூசைக்கு வந்த பெண்போல, கையை மடியில் வைத்துக்கொண்டு. என் மனைவி போய்ப் பதினொரு வருடம். அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்த்து அரை மணி நேரம் யார் அமர்ந்திருந்தார்கள்? நீங்கள் சொல்லுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஓய்வு நாள். மூக்குக் கண்ணாடியை நிலையத்தில் மறந்துவிட்டேன் என்று எடுக்கப் போனேன். காற்றுக்கு ஒதுங்கித் தண்ணீர்த் தாங்கியின் பின்னால் நடந்தபோது அவளைக் கண்டேன். அவள் என்னைக் காணவில்லை.

நடந்துகொண்டிருந்தாள். பதினொரு அடி, தொட்டியருகே தலையை இடப்பக்கம் ஒரு சுழற்று, திரும்பப் பதினொரு அடி. நான் மணிக்கூட்டைப் பார்த்து எண்ணத் தொடங்கினேன். ஒரு மணி நேரத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு சுற்றுகள். ஒன்றுகூடத் தவறவில்லை! அவள் காலடியில் மணல் ஒரு வாய்க்கால்போலக் குழிந்திருந்தது. அந்தத் தடத்தை அதற்கு முன் நான் பார்க்கவில்லையா? பார்த்தேன். கூடு சுத்தம் செய்யும் நஸீர் நடந்த தடம் என்று நினைத்தேன்... நினைக்க விரும்பினேன்.

நான் 'இருக்கிறாள்' என்று ஆறு வருடங்கள் எழுதியது அமைதி அல்ல. காத்திருத்தல். என் கதிரை விரிந்தால் அரை மணியில் தேன் வரும் என்று அவள் கற்றுக்கொண்டிருந்தாள். கற்பித்தவன் நான்.

அப்போது எனக்கு வந்தது இரக்கம் என்றா நினைக்கிறீர்கள்? கோபம்! ஏமாற்றிவிட்டாளே என்ற கோபம். தாங்கியின் பின்னால் நின்று, "துரோகி" என்று ஒரு கரடியைத் திட்டிய கிழவனை நீங்கள் கண்டதுண்டா? என் முகத்துக்காக அல்ல, என் கதிரைக்காக அமர்ந்திருக்கிறாள்! அந்த நடையை எனக்குத் தெரியாதா? பத்தடி அறையில், மூலைக்கு மூலை, நான் நடந்த நடை அல்லவா அது... தெரிந்தும் எனக்குக் கோபம்தான் வந்தது.

மறுநாள் ஆறு மணிக்கு முன்பே போனேன். அவள் இரவு அறையில் அடைபட்டிருக்கும் நேரம். ஈர்க்குமாற்றை எடுத்து அந்தத் தடத்தைக் கூட்டி நிரவினேன். டொக்டர் எட்டு மணிக்கு வருவார், காணக்கூடாது. அதற்கு மறுநாளும் கூட்டினேன். நான்காம் நாள் நஸீர் படலையில் நின்றார்.

"என்ன மாஸ்டர், முத்தம் கூட்டுறீங்க? மாப்பிள்ள வீட்டார் வாறாங்களோ?"

"குப்பையாக் கிடக்குது."

"ஓம் ஓம். ஒரே ஒரு வரியில மட்டும் குப்ப."

அவ்வளவுதான். ஈர்க்குமாற்றை என் கையிலிருந்து வாங்கிச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனார். யாரிடமும் சொல்லவில்லை.

ஓகஸ்ட் பதினான்காம் திகதி, புதன்கிழமை, காலை ஒன்பது மணி. டொக்டர் எங்கள் இருவரையும் அழைத்தார். தெற்கே நான்கு ஏக்கர் காட்டுக்கு வேலி அடித்துக் கரடிகளை வைத்திருக்கிறார்களாம். உள்ளே மரங்கள், புற்றுகள், ஒரு குளம். ஓரிடம் காலியாக இருக்கிறது. கேட்பது இரண்டு நிலையங்கள். எந்தக் கரடி அதிகம் வாடுகிறதோ அதற்குத்தான் இடம். அன்றைக்கே பதில் சொல்ல வேண்டும்.

"அனுப்புங்க டொக்டர்," என்றார் நஸீர். "அவள் நடக்கிறாள். பின்னேரத்தில நான் பாக்கிறனான். உள்ளங்கால் தேஞ்சு போச்சு."

"எத்தின தரம் நடக்கிறாள், நஸீர்?"

"எண்ணயில்ல டொக்டர். எனக்கு எண்ண வராது. கண்டனான்."

டொக்டர் என் பக்கம் திரும்பினார். "ஐயா, உங்கட கணக்கைத்தான் நான் நம்பிறன். சொல்லுங்கோ."

நஸீர் என்னைப் பார்த்தார். கெஞ்சவில்லை, மிரட்டவில்லை. பார்த்தார். அப்போது சொல்லியிருக்கலாம்... ஒரு வசனம் போதும்! பதிலுக்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? கொப்பியைத் திறந்தேன். விரலை நாக்கில் தொட்டு, பக்கம் புரட்டி, வாசித்தேன்.

"முப்பதுக்கு இரண்டு."

"அப்ப எங்கட ஆள் சுகமாத்தான் இருக்கிறாள்," என்று டொக்டர் சிரித்தார். நஸீரின் தோளைத் தட்டி, "உங்களுக்கு அவளில பாசம் கூடிப்போச்சு, அதுதான்," என்றார். இடம் மற்ற நிலையத்துக் கரடிக்குப் போனது.

அந்த வாரக் கடைசியில் நஸீர் வேலையை விட்டார். அவர் படலையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியபோது நான் அவரிடம் சண்டைக்குப் போனேன். ஆம், நான்தான் போனேன்! "தடத்தைப் பற்றித் தெரிஞ்சும் ஏன் டொக்டரிட்டச் சொல்லேல்ல? என்னை ஏன் காட்டிக்கொடுக்கேல்ல?" என்று கத்தினேன்.

"நீங்க சொல்லுவீங்க எண்டு இருந்தன் மாஸ்டர்," என்றார். "ஆறு வருசம் பக்கத்தில இருந்தனான். உங்களத் தெரியும் எண்டு நினைச்சன்."

போய்விட்டார். என் நீலக் கதிரையின் மேல் டொபித் தகரம் இருந்தது. உள்ளே பன்னிரண்டு துண்டுகளும் சரியாக இருந்தன.

இன்றும் சில விடியல்களில் அவர்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது. அவர் வாயைத் திறந்திருந்தால் நான் தப்பியிருப்பேன் அல்லவா? மௌனமாக இருந்து என்னைக் கைவிட்டவர் அவர் அல்லவா? இப்படி நான் எழுதுவதை வாசித்து உங்களுக்கு அருவருப்பாக இருக்கிறதா... இருக்கட்டும்.

நாற்பத்திரண்டு நாட்கள் கழித்து டொக்டரிடம் எல்லாம் சொன்னேன். அவர் அழவில்லை, ஏசவில்லை. தொலைபேசியில் தெற்கே பேசினார். பிறகு, "இடம் போயிட்டுது ஐயா. இனி எப்ப வருமெண்டு அவையளுக்கே தெரியாது," என்றார். மேசையில் கிடந்த என் பதினெட்டுக் கொப்பிகளைப் பார்த்தார். "இதுகள இப்ப நான் என்ன செய்யிறது?"

எண்ணுவதை விட்டுவிடச் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. தாங்கியின் பின்னால் இருந்து, அவளுக்குத் தெரியாமல், குலுக்கல் நேரத்தில் எண்ணச் சொன்னார். எண்ணுகிறேன். தகரத்தைக் குலுக்கித்தான் பனங்கட்டை போடுகிறோம். முன்பைவிடக் கொஞ்சம் தேடுகிறாள், கொஞ்சம் தோண்டுகிறாள். ஆனால் கால் பழகிய பாதை அழியவில்லை. ஒரு நாளில் ஒன்பது மணி நேரம் இன்னும் நடக்கிறாள். ஒரு தடவை, மனம் கேளாமல், நீலக் கதிரையை எடுத்துப்போய் அவள் முன்னால் விரித்தேன். உடனே ஓடிவந்து எதிரே குந்தினாள், கையை மடியில் வைத்துக்கொண்டு. நான் கதிரையை மடக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

அந்தப் புதன்கிழமையிலிருந்து இன்றோடு முந்நூறு நாட்கள். பெருமழை பெய்து அவள் வெளியே வராத பதினெட்டு நாட்களைக் கழித்தேன். பாருங்கள், இப்போதும் எனக்குச் சாதகமாகத்தான் கழிக்கிறேன்! மீதி இருநூற்று எண்பத்திரண்டு. நாளுக்கு ஒன்பது மணி, மணிக்கு இருநூற்றுப் பன்னிரண்டு. பெருக்கிப் பார்த்தேன். பிழை இருக்கலாம் என்று மூன்று தடவை பெருக்கினேன். இதை என் கணக்கில் எழுதுவதா, அவள் கணக்கில் எழுதுவதா என்று தெரியவில்லை. அந்த நான்கு ஏக்கரில் மரத்தடியில் படுத்திருக்க வேண்டியவள், என் ஒரு வசனத்துக்காக நடந்து தீர்த்த சுற்றுகள்:

ஐந்து இலட்சத்து முப்பத்தெட்டாயிரத்து ஐம்பத்தாறு.